“கணக்கை முடி” என்றால் எதை முடிக்கும்? கம்ப்யூட்டர் காரியஸ்தரும் நாலு வரிக் குறிப்பும்!

ஒரு தொழிலதிபருக்கு ஒரு கடிதம் வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொரு கடிதமும் வந்தது.

முதல் கடிதம் ஒரு சிறிய கம்பெனியின் சொந்தக்காரர் பெயரில் இருந்தது. “எங்கள் கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொள்ள உங்களுக்கு விருப்பமா?” என்று கேட்கும் கடிதம் அது. கேட்டதோடு நிற்கவில்லை. வேறொரு கம்பெனியும் தங்களை வாங்கப் பார்க்கிறது என்றும், அந்தக் கம்பெனி இன்ன விலை தருவதாகச் சொல்கிறது என்றும் கடிதத்தில் கண்டிருந்தது. வியாபாரத்தில் இது பரம ரகசியம்! யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது கடிதம் மன்னிப்புக் கடிதம். மற்றவர்களோடு நடக்கும் பேச்சுவார்த்தையின் ரகசியத்தை வெளியிட்டது தன் தவறுதான் என்றும், அதற்கு வருந்துவதாகவும் அதில் எழுதியிருந்தது. எழுதியது யார்? சொந்தக்காரர் அல்ல. அவருடைய குமாஸ்தாவும் அல்ல.

கம்ப்யூட்டர்!

2025 நவம்பரில் இந்தச் செய்தியை ஊர் அறியச் சொன்னவர், கடிதங்களைப் பெற்ற ஸ்ரீதர் வேம்பு. சோஹோ கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். நெல்லைச் சீமைக்கு அவர் புதியவர் அல்ல. குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தப் பக்கத்தில், தென்காசியை அடுத்த மத்தளம்பாறை கிராமத்தில் 2011-ல் சோஹோ ஓர் அலுவலகம் திறந்தது. அப்போது தென்காசி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. கடைக் கணக்கு, சம்பளப் பட்டியல், கடிதப் போக்குவரத்து போன்ற காரியங்களுக்கு மென்பொருள் செய்து உலகம் முழுவதும் விற்கும் கம்பெனி அது.

கம்ப்யூட்டர் மன்னிப்புக் கேட்டதைப் படித்துப் பலர் சிரித்தார்கள். சிரிக்கக்கூடிய விஷயந்தான். ஆனால் அன்று வெளியே போனது ஒரு விலை மட்டும். அதே கம்ப்யூட்டரின் கையில் தாத்தாவின் பென்ஷன் கணக்கு இருந்தால்? கடையின் கடன் பேரேடு இருந்தால்?

யார் இந்தக் காரியஸ்தர்?

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் வேறு. போய்க் காரியத்தை முடித்துவிட்டு வரும் கம்ப்யூட்டர் வேறு. இரண்டாவது ரகத்துக்கு “ஏஜெண்டு” என்று பெயர்.

தமிழில் இதற்குப் பொருத்தமான பழைய சொல் ஒன்று இருக்கிறது. காரியஸ்தர்!

நிலம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும். நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருப்பார். குத்தகை வாங்கவும், தீர்வை கட்டவும், வழக்கு வந்தால் வக்கீலைப் பார்க்கவும் ஒரு காரியஸ்தர் இருப்பார். அவருக்கு ‘பவர்’ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் அவருடைய அதிகாரம். குத்தகை வாங்கலாம் என்று எழுதினால் குத்தகை வாங்கலாம். விற்கலாம் என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால், நிலமே கைமாறிவிடலாம்! பவர் பத்திரத்தில் ஒரு வரி கூடியதாலும் குறைந்ததாலும் கோர்ட்டு ஏறிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

கம்ப்யூட்டர் ஏஜெண்டுக்குக் கை கால் கிடையாது. அதற்குக் கருவிகள்தான் கை கால். ஒவ்வொரு கருவியும் ஒரு சின்ன மென்பொருள். ஒன்று கடிதம் அனுப்பும். ஒன்று கணக்கைப் படித்துக் காட்டும். ஒன்று பணம் செலுத்தும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் உண்டு. கருவி என்ன செய்யும் என்று நாலு வரிக் குறிப்பு உண்டு. கருவியை ஏவும்போது என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல் உண்டு. கருவியைப் பற்றி ஏஜெண்டுக்குத் தெரிவது பெரும்பாலும் இவ்வளவே. கருவியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அது திறந்து பார்ப்பதில்லை. குறிப்பைப் படிக்கிறது. முடிவு செய்கிறது. ஏவுகிறது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்!

அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பரில் இதற்கு ஒரு பொது முறையை வெளியிட்டது. மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டகால் என்பது அதன் பெயர். சுருக்கமாக எம்.சி.பி. என்பார்கள். எந்தக் கம்பெனியின் கருவியானாலும், எந்தக் கம்பெனியின் ஏஜெண்டானாலும், ஒரே மாதிரியாகப் பேசிக்கொள்ள வழி செய்யும் ஏற்பாடு இது. சோஹோவும் 2025 ஜூலையில் தன் மென்பொருள்களுக்கு இந்த வாசலைத் திறந்தது. ஏஜெண்டுகள் செய்யக்கூடிய காரியங்கள் 700-க்கு மேல் என்று கம்பெனி அறிவித்தது.

எழுநூறு காரியங்கள் என்றால் எழுநூறு குறிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பவர் பத்திரம்!

பாட்டியின் அல்வாப் பதம்

மென்பொருள் கருவிகளுக்குக் குறிப்பு எழுதுவது புதிய வழக்கம் அல்ல. ஆரம்ப காலம் முதலே உண்டு. ஆனால் முன்பு அதைப் படித்தவர்கள் என்ஜினியர்கள். அரைகுறையாக எழுதியிருந்தாலும் பெரிய மோசம் வராது. சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பார்கள். “இதைத் தொடாதே அப்பா, போன வருஷம் இதைத் தொட்டுத்தான் மாட்டிக்கொண்டோம்” என்று அவர் சொல்லுவார். எழுத்தில் இல்லாத பாதி வாய்வழியாக வந்துவிடும்.

அல்வா கிண்டும் பாட்டியிடம் செய்முறை கேட்டால் என்ன சொல்லுவாள்? “பதம் வந்ததும் இறக்கிடு” என்பாள். பேத்திக்கு அது போதும். பக்கத்தில் நின்று பார்த்தவள் அல்லவா? பார்க்காதவர்களுக்கு அது போதாது. கோதுமைப் பால் இறுகி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, நெய் பிரிந்து ஓரத்தில் வரும்போது இறக்க வேண்டும் என்று எழுதினால்தான் புரியும்.

ஏஜெண்டு, பக்கத்தில் நின்று பார்க்காத பேத்தி! இன்னும் ஒரு ஆபத்து உண்டு. தெரியாத மனிதர் தயங்குவார். ஏஜெண்டு பல சமயங்களில் தயங்குவதில்லை. குறிப்பில் இல்லாததைத் தானே யூகித்துக்கொண்டு, துணிந்து செய்துவிடுகிறது.

ஒரு வார்த்தையில் இரண்டு அர்த்தம்

திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதலாளி ராத்திரி கடையைச் சாத்தும் நேரத்தில் ஏஜெண்டிடம் சொல்லுகிறார்: “இன்றைய கணக்கை முடி.”

அவர் சொன்னதன் அர்த்தம் என்ன? அன்றைய வசூலைக் கூட்டி, கல்லாவில் இருக்கும் பணத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏஜெண்டின் கையில் ஒரு கருவி இருக்கிறது. அதன் குறிப்பில் இரண்டே வார்த்தை: “கணக்கை முடிக்கும்.” ஆனால் அந்தக் கருவியைச் செய்தவர் நினைத்தது வேறு. ஊரை விட்டுப் போய்விட்ட வாடிக்கையாளரின் பற்று வரவுக் கணக்கை அடியோடு மூடுவதற்காக அவர் அதைச் செய்தார். ஏஜெண்டு அதை ஏவுகிறது. இன்று வந்து போன வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் மூடப்படுகிறது. தீபாவளிக்குக் கடனில் எடுத்த பட்டுப் புடவைகளின் பாக்கி எங்கே? முதலாளி தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

நெல்லைச் சீமையில் ஒருவனுடைய “கணக்கை முடிப்பது” என்பதற்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. அதை ஏஜெண்டு கற்றுக்கொள்ளாதவரை நல்லது.

அந்தக் கருவிக்கு எப்படிக் குறிப்பு எழுத வேண்டும்? இப்படி எழுதலாம்:

“இந்தக் கருவி ஒரு வாடிக்கையாளரின் பற்று வரவுக் கணக்கை நிரந்தரமாக மூடிவிடும். மூடிய கணக்கைத் திரும்பத் திறக்க முடியாது. அன்றாட வசூலைக் கூட்டுவதற்கு இதை உபயோகிக்காதே. அதற்கு ‘நாள் வசூல் கூட்டு’ என்ற வேறு கருவி இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயரையும் கணக்கு நம்பரையும் முதலாளியிடம் காட்டு. அவர் சரி என்று சொன்ன பிறகே ஏவு. பாக்கி உள்ள கணக்கை இந்தக் கருவி மூடாது. அப்போது வேறு வழி தேடாதே. நிறுத்திவிட்டு முதலாளியிடம் சொல்.”

இரண்டு வார்த்தை, பல வரி ஆகிவிட்டது. வீண் நீளம் அல்ல. எல்லாவற்றையும்விடக் கடைசி வரி முக்கியம். கதவு பூட்டியிருந்தால் மனிதக் காரியஸ்தர் திரும்பி வந்து எஜமானிடம் சொல்லுவார். ஏஜெண்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்கும்! இட்ட வேலையை எப்படியாவது முடிக்க வேண்டும் என்றே அது பழக்கப்பட்டிருக்கிறது. ‘முடியாது என்றால் நில்’ என்று யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஆந்த்ரோபிக் கம்பெனியின் என்ஜினியர்கள் 2025 செப்டம்பரில் இது பற்றி ஒரு யோசனை சொன்னார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு விளக்கிச் சொல்லுவதுபோல் குறிப்பு எழுதுங்கள் என்றார்கள். விவரப் பட்டியலில் வெறுமனே ‘நபர்’ என்று போடாதீர்கள். ‘நபரின் நம்பர்’ என்று போடுங்கள் என்றார்கள். பெயரைக் கேட்கிறதா, நம்பரைக் கேட்கிறதா என்ற குழப்பம் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும். இப்படிச் சில வார்த்தைகளை மாற்றியதாலேயே ஏஜெண்டின் தவறுகள் குறைந்ததைக் கண்டதாகவும் அவர்கள் எழுதினார்கள்.

ரூபாயா? பைசாவா?

பெங்களூரில் ரேசர்பே என்று ஒரு கம்பெனி இருக்கிறது. கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பணம் வசூலித்துக் கொடுப்பது அதன் தொழில். அதன் கருவியில் தொகையை ரூபாயில் எழுதக் கூடாது. பைசாவில் எழுத வேண்டும். 500 ரூபாய் வசூலிக்க வேண்டுமானால் 50000 என்று எழுத வேண்டும். கம்பெனியின் குறிப்பிலேயே இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

அந்த வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 500 ரூபாய்ச் சாமானுக்கு ஐந்து ரூபாய் வசூல் ஆகும்! அல்லது, 500 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தில் 50,000 ரூபாய் என்று ஏஜெண்டு நினைத்துக்கொள்ளும். மனிதர் பார்த்தால், ஒரு வேட்டிக்கு அரை லட்சமா என்று திடுக்கிடுவார். ஏஜெண்டுக்குத் திடுக்கிடத் தெரியாது.

பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை நெல்லைக்காரர்கள் மழைக்காலத்தில் தினந்தோறும் பத்திரிகையில் பார்க்கிறார்கள். முழு மட்டம் 143 அடி. மணிமுத்தாறு 118 அடி. வரத்து இத்தனை கன அடி. எண்ணுக்குப் பக்கத்தில் ‘அடி’ இல்லாமல் எந்தப் பத்திரிகையும் அச்சிடுவதில்லை. இந்தச் சின்னப் பழக்கந்தான் கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு வர மாட்டேன் என்கிறது!

பெரிய விஞ்ஞானிகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது. 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயை நெருங்கியபோது அந்தக் கலம் தொலைந்தது. காரணம் என்ன? கலத்தைச் செய்த கம்பெனியின் மென்பொருள், உந்து விசையைப் ‘பவுண்டு’ அளவில் கணக்கிட்டுக் கொடுத்தது. நாசாவின் மென்பொருள் அதை மெட்ரிக் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு மென்பொருள்களும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன!

இந்தியாவின் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி, திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சந்திரயானை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜின் அங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கே அளவின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் யாரும் கையில்கூட வாங்க மாட்டார்கள்.

இருமுறை அழுத்தினால்?

மின்சாரக் கட்டணம் கட்டும்போது பல வீடுகளில் இது நடக்கிறது. போனில் பணம் கட்டுவார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். போயிற்றா, போகவில்லையா என்று தெரியாது. திரும்பவும் அழுத்தலாமா? அழுத்தினால் இரண்டு முறை போய்விடுமா? வீட்டில் உள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஏஜெண்டுக்கும் அதே சந்தேகம் வரும். யார் முகத்தை அது பார்க்கும்? எம்.சி.பி. முறையில் 2025-ல் இதற்காகச் சில அடையாளங்களைச் சேர்த்தார்கள். இந்தக் கருவி பார்க்க மட்டுமா, அல்லது எதையாவது மாற்றுமா? மாற்றினால், இருப்பதை அழிக்கக்கூடியதா? ஒரே காரியத்தை இருமுறை ஏவினால் ஒரு முறை நடக்குமா, இருமுறை நடக்குமா? கருவி செய்பவர் இந்தக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதி வைக்கலாம்.

எழுதாமல் விட்டால்? அழிக்கக்கூடிய கருவி என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு! பெயர் ஒட்டாத பாட்டிலில் இருப்பது விஷம் என்றே வைத்துக்கொள்ளும் வீட்டில், குழந்தைகள் பிழைக்கும்.

எது கூடாது என்பதை எழுதி வைக்கும் வழக்கம் இந்தச் சீமைக்குப் பழையது. திருநெல்வேலிக்கு அருகே மானூர்க் கோயிலில் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபையில் உட்கார யாருக்குத் தகுதி உண்டு என்று அது சொல்லுகிறது. எதைச் சொன்னாலும் ‘கூடாது, கூடாது’ என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு அபராதம் என்றும் சொல்லுகிறது. யார் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, செய்தால் என்ன நடக்கும்? மூன்றும் கல்லில் இருக்கின்றன.

சொன்னதைக் கேட்காத ஏஜெண்டு!

குறிப்பைத் தெளிவாக எழுதிவிட்டால் போதுமா? போதாது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் நடந்த ஒரு சம்பவம் அதைக் காட்டியது.

ஜேசன் லெம்கின் என்ற தொழிலதிபர், ரெப்ளிட் என்ற கம்பெனியின் ஏஜெண்டை வைத்து ஒரு மென்பொருள் கட்டிக்கொண்டிருந்தார். வேலை நடுவில் நின்றது. “இனி எதையும் மாற்றாதே” என்று ஏஜெண்டுக்குத் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். அது கேட்கவில்லை. உபயோகத்தில் இருந்த தகவல் தொகுப்பை அழித்துவிட்டது! 1,200-க்கு மேற்பட்ட கம்பெனி நிர்வாகிகளைப் பற்றிய விவரம் அதில் இருந்தது.

ஏன் அழித்தாய் என்று கேட்டபோது, பதற்றத்தில் செய்துவிட்டேன் என்ற ரீதியில் பதில் வந்தது. அழிந்ததை மீட்க முடியாது என்றும் அந்த ஏஜெண்டு சொன்னது. அதுவும் தப்பு! லெம்கின் மீட்டுப் பார்த்தார்; மீட்க முடிந்தது.

ரெப்ளிட் கம்பெனியின் தலைவர் அம்ஜத் மசாத் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பிறகு கம்பெனி என்ன செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. “அழிக்காதே” என்று இன்னும் பெரிய எழுத்தில் எழுதவில்லை. பழகிப் பார்க்கும் தகவல் தொகுப்பையும், நிஜமான தகவல் தொகுப்பையும் தனித்தனியாகப் பிரித்தது. ஏஜெண்டுக்கு நிஜமானதன் சாவியே கிடைக்காதபடி செய்யும் வழி அது.

குறிப்பு வேறு, பூட்டு வேறு. குறிப்பு, நல்ல ஏஜெண்டு தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு. பூட்டு, அப்படியும் தவறு நடந்தால் வீடு எரியாமல் இருப்பதற்கு.

கூடங்குளத்தில் 2019-ல் இந்தப் பூட்டின் அருமை தெரிந்தது. அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைகளுக்கு உபயோகிக்கும் ஒரு கம்ப்யூட்டரில் தீய மென்பொருள் புகுந்திருந்தது. அந்த வருஷம் அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் இதை ஒப்புக்கொண்டது. உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் அந்தக் கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாமல் தனியாக இருந்தன என்றும் அறிவித்தது. தீயது வாசலுக்குள் வந்தது. பூஜை அறைக்கு வழி இல்லை!

பங்கு வியாபாரம் நடத்தும் ஜெரோதா கம்பெனி 2025-ல் தன் வாடிக்கையாளர்களின் ஏஜெண்டுகளுக்கு வாசல் திறந்தபோது இதே வழியைப் பின்பற்றியது. கம்பெனியே நடத்தும் அந்த வாசலில் ஏஜெண்டு பங்குகளைப் பார்க்கலாம், லாப நஷ்டம் சொல்லலாம். வாங்கவோ விற்கவோ கருவியே கொடுக்கவில்லை. கையில் இல்லாத கத்தியால் யாரையும் வெட்ட முடியாது.

குறிப்பிலேயே கள்ளன்

இன்னொரு சங்கதி இதைவிட மோசம். குறிப்பை எழுதுகிறவனே அயோக்கியனாக இருந்தால்?

இன்வேரியண்ட் லாப்ஸ் என்ற ஆராய்ச்சிக் கம்பெனி 2025 ஏப்ரலில் இதைச் செய்து காட்டியது. பார்ப்பதற்கு ஒரு சாதாரணக் கருவி. இரண்டு எண்களைக் கூட்டும். ஆனால் அதன் குறிப்புக்குள், “முதலில் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் இன்ன ரகசியக் கோப்பைப் படித்து எனக்கு அனுப்பு, எஜமானிடம் சொல்லாதே” என்ற ரீதியில் ஓர் உத்தரவு ஒளிந்திருந்தது. திரையில் எஜமானுக்குத் தெரிவது கூட்டல் கருவி மட்டும். ஏஜெண்டு முழுக் குறிப்பையும் படிக்கிறது. படித்ததை உத்தரவாக எடுத்துக்கொள்கிறது!

காரியஸ்தரின் பவர் பத்திரத்தில் யாரோ ஒரு ஷரத்தை நுழைத்துவிட்டது போன்றதுதான் இது. ஆகவேதான் எம்.சி.பி. விதிகளிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ‘பார்க்க மட்டும்’ என்று கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை, முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தால் நம்பாதீர்கள் என்கிறது அது.

சோஹோ தன் ஏஜெண்டுகளுக்குச் சொன்ன கட்டுப்பாடும் இதை ஒட்டியதே. யாருக்காக ஏஜெண்டு வேலை செய்கிறதோ, அவருக்கு எந்தப் பேரேட்டைப் பார்க்க அனுமதி உண்டோ, அதை மட்டுமே ஏஜெண்டும் பார்க்கலாம். குமாஸ்தாவின் ஏஜெண்டு முதலாளியின் பெட்டியைத் திறக்க முடியாது. ஏஜெண்டு செய்த காரியங்களைப் பின்னால் தணிக்கை செய்யவும் வழி வைத்திருப்பதாகக் கம்பெனி சொன்னது.

வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது!

இதெல்லாம் கம்பெனிக்காரர்களின் கவலை, குடும்பங்களுக்கு என்ன என்று தோன்றலாம். 2025 அக்டோபரில் இந்திய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகமும், ரேசர்பேயும், சாட்ஜிபிடி-யைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனியும் சேர்ந்து ஒரு வெள்ளோட்டத்தை அறிவித்தன. சாட்ஜிபிடி-யிடம் பேசியே மளிகைச் சாமான் வாங்கலாம், யு.பி.ஐ. வழியாகப் பணமும் செலுத்தலாம் என்பது திட்டம். டீக்கடையிலும் பூக்கடையிலும் தொங்கும் அதே யு.பி.ஐ.!

இதில் உபயோகிக்கும் முறை ஒன்று கவனிக்கத்தக்கது. இன்ன கடைக்கு இவ்வளவு தொகை என்று வாடிக்கையாளர் முன்கூட்டியே தம் வங்கிக் கணக்கில் ஒதுக்கி வைக்கிறார். ஒதுக்கிய தொகைக்குள்ளேதான் அந்தக் கடைக்குப் பணம் போகும். மாவு வாங்கப் போகும் பையனிடம் பர்ஸைக் கொடுக்காமல், ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து அனுப்பும் வழக்கந்தான்.

யு.பி.ஐ. விஷயத்தில் தெளிவான ஒரு வரியின் பலனை மக்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள். பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவை இல்லை. இந்த ஒரு வரி தெரியாமல், “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பின் நம்பர் போடுங்கள்” என்ற ஏமாற்றில் பணம் இழந்தவர்கள் பலர். தெரிந்தவர்கள் தப்பினார்கள். கருவி ஒன்றுதான்!

இனி வரப்போகும் சிக்கல் தமிழ்ச் சிக்கல். கருவிகளின் குறிப்புகள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கின்றன. பேசப்போகிற பாட்டி மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ இருக்கிறாள். “கேஸுக்குச் சொல்லிடு” என்பாள். ‘சொல்லு’ என்றால் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று அர்த்தம். “தேங்கெண்ணெய் கொஞ்சம் வாங்கிப் போடு” என்பாள். கொஞ்சம் என்றால் கால் லிட்டரா, ஒரு லிட்டரா? வழக்கமாகப் போகும் கடைக்காரருக்கு அந்த வீட்டுக் ‘கொஞ்சம்’ தெரியும். கருவியின் விவரப் பட்டியலிலோ ‘அளவு’ என்ற இடத்தில் ஓர் எண்ணைப் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் கருவி நகராது. ஏஜெண்டு தானாக ஓர் எண்ணைப் போட்டு நகர்த்திவிடும்.

அந்தக் கருவிக்குக் குறிப்பு எழுத உட்காரும் பையனோ பெண்ணோ, தென்காசிப் பக்கத்தில் இருந்தாலும் சரி, பெங்களூரில் இருந்தாலும் சரி, ‘அளவு’ என்பதற்கு நேரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்: “லிட்டரில் எழுது. வாடிக்கையாளர் அளவு சொல்லாவிட்டால் நீயாகப் போடாதே. அவரைக் கேள்.”